அக்கினி மூலை வானம்

சென்ற மாதம் எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு வேலை தொடங்கவிருப்பதால், பயன்பாட்டில் இல்லாத டிஷ் ஆண்டெனாக்களை உரியவர்கள் பதினைந்து நாள்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும்; தவறினால் சங்கமே அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும் என்பது அதன் சாரம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதல்லவா? அந்த மழையில் எங்கள் விழுப்புரத்து மூன்றாம் தளத்து வீடுகள் எல்லாம் ஒழுகின. சங்கத்தின் அவசரம் நியாயமானதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் ஒன்பது டிஷ்கள் நின்றன. சிலவற்றின் தலையிலிருந்த எல்.என்.பி. உடைந்து தொங்கியது, ஒன்றில் குருவி கூடு கட்டிப் போயிருந்தது. மழை வரும்போது ஆட்டுமந்தை ஒரே பக்கம் முகம் திருப்பி நிற்குமே, அப்படித் துருப்பிடித்த நிலையிலும் அத்தனையும் தென்கிழக்கையே பார்த்து நின்றன. இணைப்பு உயிரோடிருப்பவை இரண்டோ மூன்றோதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கில் 2020 இறுதியில் ஏழு கோடியை எட்டியிருந்த டி.டி.எச். இணைப்புகள் 2025 மார்ச்சில் 5.7 கோடிக்கு இறங்கிவிட்டன. எங்கள் மாடியே அதற்குச் சாட்சி.

வடமேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு சிமெண்டுக் கட்டையின் மேல் நிற்பது எங்களுடையது. எங்களுடையது என்பதைவிட அம்மாவுடையது என்பதே சரி. கட்டையின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் காசு ஒன்று பதிந்திருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தபோது பதினாறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புரட்டாசி மாதம் நினைவில் எழுந்தது. அதை எழுதிவைக்கத்தான் இப்போது அமர்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அனந்தபுரம். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள சிறு பேரூர். 2008-இல் அப்பா இறந்த பிறகு அம்மா ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். விழுப்புரத்தில் அப்போதுதான் விரிவுரையாளனாகச் சேர்ந்திருந்த நான், 2009 மே மாதம் நகரின் விளிம்பில் புதிதாக எழுந்த மனைப்பிரிவொன்றில் இரண்டாம் தளத்தில் வீடு வாடகைக்கு எடுத்து (இப்போது அது சொந்தமாகிவிட்டது) அம்மாவை அழைத்து வந்தேன். அம்மாவுடன் வந்தவை: இரண்டு பித்தளை அண்டா, ஓர் அம்மி, அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, அதற்கென முந்தைய ஆண்டு வாங்கிய டிஷ்ஷும் அதன் பெட்டியும். அம்மிக்குக்கூட ஓர் இடம் கிடைத்தது. டிஷ்ஷுக்குக் கிடைக்கவில்லை.

வீட்டைப் பார்க்க வந்த அன்றே அதன் பால்கனி என்னைக் கவர்ந்திருந்தது. வடக்கு பார்த்த பால்கனி. காலையிலும் மாலையிலும் நல்ல வெயில். வந்த வாரமே அம்மா அங்கே பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்து காயவைத்தார். "ஊர் முற்றம் மாதிரியே இருக்குது தம்பி" என்றார். ஒரு கைப்பிடிச் சுவரும் ஒரு துண்டு வானமும் கிடைத்துவிட்டால் மனிதருக்கு எவ்வளவு நிறைவு என்று நானும் மகிழ்ந்தேன். டிஷ்ஷையும் அங்கேயே பொருத்திவிடலாம் என்று எண்ணினேன்.

ஜூன் முதல் வாரம் டிஷ் பொருத்துபவர் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் இளைஞர். பால்கனியில் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இங்க வராது சார். இது வடக்கு. நம்ம சேட்டிலைட் தென்கிழக்குல கீது. பில்டிங்கே மறைக்குது."

"வெளியே கம்பி நீட்டிப் பொருத்தினால்?"

"எவ்ளோ நீட்டினாலும் முதுகுப் பக்கமா பாக்க முடியுமா சார்?"

அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தென்கிழக்குன்னா அக்கினி மூலை. அடுப்படிப் பக்கம்" என்றார். உண்மைதான், சமையலறை அந்த மூலையில்தான் இருந்தது. அதற்கு ஒரு சன்னல் உண்டு. ஆனால் அதிலிருந்து ஆறடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர்.

தென்கிழக்கு என்றால் அடிவானத்தை ஒட்டிய தென்கிழக்கு என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். அது பிழை. அப்போது எங்கள் இணைப்புக்கு உரியதாக இருந்த இன்சாட்-4பி, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருந்தது. நாமோ 79.5 பாகையை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 12 பாகையில் இருக்கிறோம். கணக்கிட்டால், விழுப்புரத்திலிருந்து அது அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 68 பாகையில் தெரியவேண்டும். சுவரில் சாத்திய ஏணியின் சாய்வு அது. இலண்டனில் வானொலிக்கோள்களை நோக்கும் டிஷ் 25 பாகை அளவில் தாழப் பார்க்கும். அங்கே தெற்கு பார்த்த எந்தப் பால்கனியும் போதும். நம் ஊரில் தெற்கு பார்த்த பால்கனி இருந்தாலும் மேல்வீட்டுத் தளம் வானத்தை மறைத்துவிடும். டிஷ்ஷைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தள்ளி நிறுத்தினால்தான் உண்டு. அடுக்ககவாசிகளாகிய நமக்கு வானம் பக்கவாட்டில் இல்லை. தலைக்கு மேல் இருக்கிறது. தலைக்கு மேல் இருப்பதோ அடுத்தவர் வீடு.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு செய்தியும் உண்டு. வீடுகளில் பொருத்தும் சிறு டிஷ்கள் ஒருபுறம் ஒதுங்கிய வடிவம் கொண்டவை. அவை பார்ப்பதுபோல் தோன்றும் திசைக்கு இருபது பாகைக்கு மேல் உயரத்திலிருந்தே அலைகளை வாங்குகின்றன. ஆகவே எதிர்வீட்டுப் புளியமரத்தைப் பார்த்தபடி நிற்கும் டிஷ் உண்மையில் உச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் ஒருவர் தேநீர் இடைவேளையில் சொல்லித் தந்தவை. நிலைத்து நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஆர்தர் சி. கிளார்க் எழுதியதையும் அவர்தான் சொன்னார். அந்தக் கிளார்க் 1956 முதல் 2008-இல் மறையும்வரை நமக்கு அருகில் இலங்கையிலேயே வாழ்ந்தார். 1975-இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 கோளைக் கொண்டு இந்தியா ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிக் கல்விச் சோதனையை நடத்தியது. கோழிவலை போன்ற கம்பிவலையால் ஆன மூன்று மீட்டர் அகல டிஷ்கள் அந்த ஊர்களில் நின்றன. அப்போது நம் பொறியாளர்கள் கொழும்புக்குச் சென்று கிளார்க்கின் வீட்டிலும் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். கற்பனை செய்தவர் வீட்டு மாடிக்கே கற்பனை வந்து சேர்ந்தது. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நமக்கு அதே 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. அனந்தபுரத்தில் என் சிறுவயது அதன் அலையைத் தேடி ஏரியலைத் திருப்புவதில் கழிந்தது. ஒருவர் கூரைமேல், ஒருவர் வாசலில், ஒருவர் பெட்டிமுன். "தெரியுதா?" "போயிடுச்சி!" "இப்போ?" அந்த மூன்று குரல்களும் இல்லாத தெருவே அன்று இல்லை.

இரண்டாம் தளத்து வாடகை வீட்டில் எந்தக் குரலும் இல்லை. அதுதான் பிரச்சினை. நான் எட்டரைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குத் திரும்புவேன். அப்போது எனக்குத் திருமணமாகவில்லை. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். திண்ணையில் அமர்ந்து தெருவோடு பேசிப் பழகியவர், நான்கு சுவர்களுக்குள் பகலெல்லாம் என்ன செய்வார்? கேபிள்காரர் அந்தப் பகுதிக்கு இன்னும் கம்பி இழுக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, செய்தித்தாள் உதவாது. அலைவரிசை எண்களை மட்டும் விரல் நினைவாக வைத்திருந்தார். படம் வராத பெட்டியை நாள்தோறும் துடைத்து, மேலே துணி போர்த்திவைப்பார். ஜூலையில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "என்னை ஊர்லயே கொண்டுபோய் விட்டுடு தம்பி. இங்க பேச்சுக் குரலே காதுல விழமாட்டேங்குது" என்றார். தொலைக்காட்சியைத்தான் சொல்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன்.

மொட்டை மாடியில் வைக்கலாம் என்றால் சங்கம் இடங்கொடுக்கவில்லை. தரையில் துளையிட்டு டிஷ்ஷைப் பொருத்தினால் தளம் ஒழுகும் என்பது அவர்கள் காரணம். ஏற்கெனவே இருந்த நான்கு டிஷ்களும் சொந்த வீட்டுக்காரர்களுடையவை. "நீங்க வாடகைக்கு இருக்கிறவர். நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போவீங்க. ஓட்டை எங்களுக்கு" என்றார் செயலாளர். கடுமையாகத்தான் சொன்னார். ஆனாலும் அதில் ஒரு கணக்கு இருந்தது. தமிழ்நாட்டு அடுக்ககச் சட்டம், 1994-இல் வந்ததும் சரி, அதற்குப் பதிலாக 2022-இல் இயற்றப்பட்டதும் சரி, பொதுவிடங்களை உரிமையாளர் அனைவர்க்கும் பிரிபடாத பங்காகத் தருகிறது. பிரிபடாத பங்கில் எது என் மூலை என்று எவரும் சுட்ட முடியாது. சொந்தக்காரர்க்கே அப்படியென்றால், குடக்கூலிக்காரனின் நிலை சொல்லவேண்டியதில்லை.

பிற நாடுகளில் இதற்கு என்ன வழி என்று பின்னாளில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1996 முதல் ஒரு விதி இருக்கிறது: ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ்ஷைத் தன் தனிப் பயனுக்கு உரிய பால்கனியில் ஒருவர் வைப்பதைச் சங்கமோ வீட்டுக்காரரோ தடுக்கலாகாது. ஆனால் பொதுக்கூரைக்கு அந்த உரிமை இல்லை. அதாவது, தவறான திசையில் பால்கனி வாய்த்தவருக்கு அங்கும் அதே விதிதான். என்னை உறங்கவிடாதது சுவீடன் வழக்கு. ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி பகுதியில் வாடகைக்கு இருந்த ஈராக்கியக் குடும்பம் ஒன்று, அரபி, பார்சி நிகழ்ச்சிகளுக்காக டிஷ் வைத்திருந்தது. வெளிச்சுவரில் எதுவும் பொருத்தக்கூடாது என்பது ஒப்பந்தம். அதைக் கழற்றிவிட்டு, சமையலறையில் ஓர் இரும்புத் தாங்கி நிறுத்தி, அதிலிருந்து சன்னல் வழியே ஒரு கையை நீட்டி அதில் டிஷ்ஷை வைத்தார்கள். வீட்டுக்காரர் விடவில்லை, வழக்காகி, வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தது, மூன்று குழந்தைகளுடன் வேறு நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். 2008 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: தாய்மொழியில் செய்தியும் நிகழ்ச்சியும் பெறுவது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி, சுவீடன் அதைக் காக்கத் தவறியது. சமையலறைச் சன்னல் வழியே நீண்ட அந்த இரும்புக் கையைப் பற்றிப் படித்தபோது, எங்கள் சமையலறைச் சன்னலுக்கு எதிரே நின்ற ஆறடிச் சுவர்தான் கண்முன் வந்தது. எங்கள் மொழி எங்களைச் சுற்றி எங்கும் ஒலித்தது. எங்களுக்கு நீதிமன்றம் தேவையில்லை. ஆனால் ஒலித்தது எல்லாம் சாத்திய கதவுகளுக்குப் பின்னால்.

ஆகஸ்டில் சங்கம் சற்று இளகியது. செயலாளரின் தாயாரும் அம்மாவும் கீழே காய்கறி வண்டியில் சந்தித்துப் பேசியதன் விளைவு என்று பின்னர் அறிந்தேன். துளையிடாமல் ஒரு சிமெண்டுக் கட்டை வார்த்து அதன்மேல் டிஷ்ஷை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் யாரும் நடமாடாத வடமேற்கு மூலையில் மட்டும். அந்த மூலைக்கும் தென்கிழக்கு வானத்துக்கும் இடையில், தூண்கள் மேல் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி நின்றது. மறைக்குமா, மறைக்காதா?

இயற்பியல் நண்பர் ஒரு வழி சொன்னார். காலை பதினொரு மணியை ஒட்டிச் சூரியன் ஏறத்தாழ அந்தக் கோள் இருக்கும் பக்கம் வரும். அப்போது எங்கே வெயில் விழுகிறதோ அங்கே கோளும் தெரியும். நான் பாதியைக் கேட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். ஆகஸ்டு மூன்றாம் வாரம் ஒரு விடுமுறை நாளில் பதினொரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டியிலிருந்து மூன்றரை அடி தள்ளி நல்ல வெயில். சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன். அந்த வட்டத்தில் டிஷ்ஷை வைத்து அந்த இளைஞர் ஒருமணி நேரம் திருப்பிப் பார்த்தார். சிக்னல் மீட்டர் முனகவே இல்லை. "டேங்க் அடிக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பிழையை அம்மாதான் கண்டார். செப்டம்பர் நடுவில் மிளகாய் காயவைக்கப் பால்கனிக்குப் போனவர் முறத்தோடு திரும்பிவந்தார். "இந்த ஊட்டுக்கு வெயில் கோடையோட சரி. புரட்டாசி பொறந்தா தெற்கால ஓடிப்போயிடும். நாம சித்திரையில பாத்து ஏமாந்துட்டோம்."

முப்பது வயதுவரை நான் ஒரே இடத்தில் நின்று வெயில் நகர்வதைப் பார்த்தவனில்லை. நம் வட்டாரத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, பின் ஆகஸ்டு 20-ஐ ஒட்டி மீளும்வரை நண்பகலில் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. மே மாத வடக்குப் பால்கனி வெயில் அப்படி வந்தது. ஆகஸ்டில் நான் வட்டம் போட்ட நேரத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கே இருந்தது. செயற்கைக்கோளோ அங்கு இல்லை. இன்னும் தெற்கே தாழ இருந்தது. நண்பர் சொன்னதன் மறுபாதி இதுதான்: பதினொரு மணி மட்டும் போதாது, நாளும் பொருந்த வேண்டும். நம் இடத்திலிருந்து பார்க்கும்போது சூரியன் அந்தக் கோள்களின் வரிசையை மிதித்துக்கொண்டு போவது ஆண்டில் இருமுறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும். ஞாயிற்றின் செலவையும் காற்றின் திசையையும் நேரில் போய் அளந்து வந்தவர்போலச் சொல்வாரும் உளர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடும் புறநானூற்றின் முப்பதாம் பாட்டை அந்தப் பருவத்தில்தான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். நான் பாட்டை நடத்தினேன். அம்மா வடாம் போட்ட வெயிலைக் கொண்டு அளந்திருந்தார்.

அவ்வாண்டு ஆயுத பூசை செப்டம்பர் 27, ஞாயிறு. அன்று காலை பத்தரைக்கு அம்மாவும் நானும் மாடிக்கு ஏறினோம். தொட்டியின் உச்சி தரையிலிருந்து பத்தடி. பதினொரு மணிக்கு அதன் நிழல் வடமேற்காக நாலடி நீண்டு கிடந்தது. என் சுண்ணாம்பு வட்டம் நிழலுக்குள் பாதி அமிழ்ந்திருந்தது. அம்மா நிழலின் விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டு, துடைப்பக் குச்சியால் கோடு கிழித்தார். "நாளைக்கு அந்தப் புள்ளைய வரச் சொல்லு" என்றார். அன்றே அழைத்திருக்கலாம்தான். ஆனால் அந்த இளைஞரின் ஸ்பேனரும் மீட்டரும் சந்தனப் பொட்டோடு சாமிமுன் இருந்தன. எடுக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். கோட்டை ஒட்டி, நானும் காவலாளியும் அன்று மாலையே கட்டையை வார்த்தோம். ஈரம் காயுமுன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கட்டையின் பக்கத்தில் அழுத்தினார். வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது செய்வது.

மறுநாள் விஜயதசமி. ஈரச் சிமெண்டு அதற்குள் இறுகாது, இரண்டு நாள் போகட்டும் என்று இளைஞர் சொன்னதை அம்மா ஏற்கவில்லை. தாங்கியைத் தற்காலிகமாகச் செங்கல் அடுக்கி நிறுத்தி டிஷ்ஷைத் திருப்பினார்கள். மீட்டர் உடனே கூவியது. நான் படியில் நின்று, "தெரியுதா?" என்று கத்தினேன். கீழிருந்து அம்மாவின் குரல், பக்கத்து வீட்டுக் கதவும் திறக்கும்படி, "தெரியுது! தெரியுது!" என்று வந்தது. மணி பத்தே முக்கால் இருக்கும்.

சற்று நேரத்தில், "போயிடுச்சி!" என்றார்.

இளைஞர் பதறி எல்லாவற்றையும் மறுபடி ஆட்டத் தொடங்கினார். ஆட்டாதே என்று நான் தடுத்தேன். அப்போதுதான் எனக்கு நாள் நினைவுக்கு வந்தது. சரியாக அந்த வேளையில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னால் வந்து நின்றிருந்தது. சூரியன் கோளை மறைப்பதில்லை. அதன் பின்னால் நின்று இரைகிறது. அந்த வானொலி இரைச்சலில் கோளின் மெல்லிய குரல் அமிழ்ந்துவிடும். சில நிமிடங்கள்தான். மூவரும் அங்கேயே காத்து நின்றோம். எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் மேல் மெல்ல ஊர்ந்தது. அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று மாடிக்கு வந்துவிட்டார். படம் திரும்பியதாகக் கீழே யாரும் சொல்ல ஆளில்லை; அம்மாவும் மேலே ஏறி வந்திருந்தார்.

அதன்பின் அம்மாவுக்குத் தொலைக்காட்சி கிடைத்தது. நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர் பார்க்கவில்லை. காற்றடித்தால், மழை வந்தால், "டிஷ் பாத்துட்டு வரேன்" என்று மேலே போவார். காற்று இல்லாதபோதும் போவார். போனால் ஒருமணி நேரம் ஆகும். துணி உலர்த்த வருபவர்கள், கைக்குழந்தைக்கு வெயில் காட்ட வருபவர்கள் எல்லாரும் அங்கே கூடினார்கள். மார்ச் வந்தபோது ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகள் அவரை 'டிஷ் ஆயா' என்று அழைத்தார்கள். தொட்டிக்குப் பின்னால் யாரும் நடமாடாத மூலை என்று சங்கம் கொடுத்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன.

2010 ஜூலை 7 அன்று ஒரு விந்தை நடந்தது. இன்சாட்-4பியின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றின் மின்வழங்கல் பழுதாகி, அதன் இருபத்து நான்கு அலைபரப்பிகளில் பன்னிரண்டை நிறுத்தவேண்டியதாயிற்று. 2007 மார்ச்சில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட கோள்; மூன்றே ஆண்டில் பாதி ஊமையாயிற்று. இலட்சக்கணக்கான வீடுகளைப்போல் எங்கள் பெட்டியும் இருண்டது. அதுவரை நிழல், தொட்டி, சங்கம் என்று போராடியவனுக்கு, 36,000 கி.மீ. தொலைவிலிருந்து வந்த இந்த அடியை யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. இணைப்புகளை மலேசியாவின் மிசாட்-3க்கு மாற்றுவதாகச் செய்தி வந்தது. அது 91.5 பாகையில் இருந்தது. இரண்டே பாகைதான் வேறுபாடு என்றாலும், ஒவ்வொரு மாடியிலும் ஏறி ஒவ்வொரு டிஷ்ஷையும் கையால் திருப்பவேண்டும். நம் இடத்தில் திசையில் நான்கு பாகை, உயரத்தில் இரண்டு பாகை. மலேசியத் தமிழர்க்கு 'வானவில்' அலைவரிசையைக் கொண்டுசேர்த்த அதே கோள்தான் அது. கோலாலம்பூரில் டிஷ் ஏறத்தாழ மேற்கைப் பார்க்கும், விழுப்புரத்தில் தென்கிழக்கை. இரண்டும் ஒரே புள்ளியை.

பொருத்துபவர்களுக்கு அந்த நாள்களில் மூச்சுவிட நேரமில்லை. எங்கள் முறை வரப் பதினொரு நாள் ஆயிற்று. அம்மாவை ஊருக்கு அழைத்துப்போய் விடட்டுமா என்று கேட்டேன். என்னை ஏதோ புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எதுக்கு? மேல மூணாவது வீட்டுப் பொண்ணுக்கு இது மாசம்" என்றார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, துளையிட்டுப் பொருத்தியிருந்த டிஷ்களில் இரண்டு பிய்த்துக்கொண்டு பறந்தன. சிமெண்டுக் கட்டை அசையவில்லை. செயலாளர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, இனி எல்லாரும் இப்படியே வைக்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார்.

அம்மா 2019-இல் போனார். பெட்டியின் சந்தாவைச் சில மாதம் கட்டிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். வீட்டில் இப்போது எல்லாம் கண்ணாடியிழைக் கம்பி வழியே வருகிறது. பிள்ளைகளுக்கு எந்தத் திசையையும் பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிறன்று ஸ்பேனர் கொண்டு போயிருந்தேன். நான்கு மறைகளில் மூன்று துருப்பிடித்து இறுகிவிட்டன. தேங்காய் எண்ணெய் விட்டு, காத்திருந்து, கடைசியில் தட்டித்தான் எடுக்க முடிந்தது. கட்டையை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பூச்சு வேலைக்காரர்கள் அதைச் சுற்றிப் பூசிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். டிஷ்ஷைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கும்போது எதிர்வீட்டு அம்மாள் நிறுத்தினார். அன்று விஜயதசமியில் மாடிக்கு ஓடிவந்தவர்தான். அவருக்கும் இப்போது முடி நரைத்துவிட்டது.

"பழைய இரும்புக்கா போடப்போறீங்க தம்பி?"

"ஆமாம்."

"குடுத்துட்டுப் போங்க. சுண்டைக்காய் வாங்கி வச்சிருக்கேன். காயப்போட வசதியா இருக்கும்."

கொடுத்துவிட்டேன். மாலையில் மேலே போய்ப் பார்த்தபோது, மோரில் ஊறிய சுண்டைக்காய்களோடு அது தொட்டிக்குப் பக்கத்தில் கவிழாமல், இரண்டு செங்கல்லுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. நிழல் விழாத இடமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார்.